பி.ஆர்க் முதல் ஆண்டுக்காரர்களுக்கு: டிசைன் ப்ராஜெக்டைக் கைவேலையிலிருந்து தொடங்குவது எப்படி?

நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி, கவுன்சலிங் முடிந்து, பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சீட்டும் கிடைத்துவிட்டது. இனி ஐந்து வருடம், பத்து செமஸ்டர். வெளியே பயிற்சிக்குப் போகும் காலத்தை விட்டால் ஏறக்குறைய எல்லா செமஸ்டரிலும் டிசைன் ஸ்டூடியோ (கட்டடம் வடிவமைத்துப் பழகும் வகுப்பு) உண்டு, கடைசியில் தீசிஸ். மற்ற பாடங்களைத் தேர்வுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து படித்துக்கூடச் சமாளிக்கலாம். ஸ்டூடியோவில் அது நடக்காது.

புதிதாக வருபவர்களில் பலர் முதலில் ‘கான்செப்ட்’ தேடுகிறார்கள். தாமரை, சங்கு, மயில் தோகை என்று ஒரு வடிவத்தைப் பிடித்து அதற்குள் அறைகளைத் திணிப்பார்கள். சுவரை எதால் கட்டுவது, கூரை எதன் மேல் உட்காரும் என்ற கேள்வியெல்லாம் சப்மிஷனுக்கு முந்தைய இரவுதான் எட்டிப் பார்க்கும். நான் சொல்லப்போகும் வரிசை இதற்கு நேர்மாறு: முதலில் பொருள், அதை வேலை செய்யும் கை, அப்புறம்தான் வடிவம். எல்லாக் கல்லூரியிலும் இப்படிச் சொல்லித் தருவதில்லை. ஆனால் எந்த ஸ்டூடியோவில் இருந்தாலும் இப்படி வேலை செய்ய யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

1. என்ன வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

சீனியர்கள் கொடுக்கும் பட்டியல் நீளமாக இருக்கும். முதல் வாரமே எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், நல்ல கட்டர், ஒரு பாக்கெட் பிளேடு, கட்டிங் மேட், 5 மீட்டர் டேப், பட்டர் பேப்பர் (கீழே உள்ள கோடு தெரியும் மெல்லிய தாள்) ரோல், பென்சில்கள், பைக்குள் அடங்கும் கோடு போடாத நோட்டு ஒன்று. தொடங்க இது போதும். லேப்டாப்பைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. கையால் வரையும் முதல் வருடம் முடியும்போதுதான் உங்களுக்கு எப்படிப்பட்டது தேவை என்றே தெரியும்.

டேப்பில் மில்லிமீட்டர், அங்குலம் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வரைபட ஷீட்டில் மில்லிமீட்டர் எழுதுவீர்கள். சைட்டில் அடி, அங்குலம், நூல் என்றுதான் பேச்சு ஓடும். அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். “ரெண்டு நூல் இழைச்சா உட்கார்ந்துடும்” என்று ஆசாரி சொன்னால் அவர் சொல்வது ஆறு மில்லிமீட்டர் சொச்சம். இந்தக் கணக்கு வாயில் வருகிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

2. முதலில் அளக்க வேண்டியது உங்களையே

உங்கள் சாண், முழம், நடக்கும்போது வைக்கும் எட்டு, கையை உயர்த்தினால் எட்டும் உயரம், சம்மணமிட்டு உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் வீட்டுப் படிக்கட்டு, திண்ணை, சமையல் மேடை, பஸ் சீட். உயரம் 150 மி.மீ., அகலம் 300 மி.மீ. உள்ள படி ஏன் காலுக்கு இதமாக இருக்கிறது என்பதை, அளந்துவிட்டு அதே படியில் ஏறிப் பார்த்தால்தான் புரியும்.

3. ஒரு பழைய வீட்டின் ஒரு மூலையை அளந்து வரையுங்கள்

முழு வீட்டையும் வரைய வேண்டாம். ஒரு திண்ணையும் தூணும், அல்லது ஒரு நிலையும் கதவும் போதும். சென்னையில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. செட்டிநாட்டு வீடு, அக்ரஹார வீடு, கேரள வீடு என்று பல ஊர் வீடுகளை அங்கங்கே பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், 1996-ல் திறந்தது. உள்ளே உட்கார்ந்து மணிக்கணக்கில் வரையலாம். டேப்பை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிடுங்கள். வேறு ஊரில் இருந்தால் உங்கள் தாத்தா வீடே போதும்.

அளக்கும்போது மூன்று விஷயங்களை விடாமல் செய்யுங்கள். முதலாவது, தொடர் அளவு. சுவரின் ஒரு முனையில் டேப்பின் பூஜ்யத்தை வைத்துவிட்டு, ஜன்னல் தொடங்கும் இடம், முடியும் இடம், தூண், அடுத்த ஜன்னல் என்று டேப்பை எடுக்காமலே படியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொன்றிலும் வரும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சேர்ந்து கடைசியில் கணக்கு உதைக்கும். இரண்டாவது, மூலைவிட்டம். பழைய வீடுகளில் சதுரமாகத் தெரியும் அறை பெரும்பாலும் சதுரமாக இருக்காது. நான்கு சுவரோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் அறையின் உண்மையான கோணம் தாளில் வரும். மூன்றாவது, தூக்குக்குண்டு. சுவர் சாய்ந்திருக்கிறதா, மேலே போகப் போக மெலிகிறதா என்று கண் சொல்வதை நம்ப வேண்டாம். குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு ‘இது என்ன பொருள், இதை முதலில் வைத்தார்களா பிறகா’ என்று கேளுங்கள். நிலையை நிறுத்திவிட்டுச் சுவரை எழுப்பினார்களா, சுவரில் இடம் விட்டு நிலையைச் செருகினார்களா? தூணுக்குக் கீழே கல் எதற்கு? மரத்தின் அடி ஈரத்தில் இற்றுப்போகாமல் இருக்கத்தான் அந்தக் கல். இதைக் கண்டுபிடித்தவருக்குத் தூணின் அடியை எப்படி வரைவது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

4. ஒரு நாள் முழுக்கக் கொத்தனாரோடு நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

உங்கள் தெருவிலேயே எங்காவது வேலை நடந்துகொண்டிருக்கும். மேஸ்திரியிடம் போய், “அண்ணே, காலேஜ்ல கட்டடம் படிக்கிறேன், ஒரு நாள் ஓரமா நின்னு பார்த்துக்கலாமா?” என்று கேளுங்கள். ஷூ போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்குப் போய் நின்றால் பாதி வேலை முடிந்திருக்கும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப்போங்கள். எடுத்த உடனே போனை நீட்டிப் படம் பிடிக்காதீர்கள். முதல் டீ வரும்வரை சும்மா பாருங்கள். டீக்குப் பிறகு பேச்சு தானாக வரும்.

என்ன பார்ப்பது? கல்லை ஏன் நனைக்கிறார்கள் என்று பாருங்கள். காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. முதலில் இரண்டு மூலையை எழுப்பி, நடுவில் நூல் கட்டி, அதற்குப் பிறகுதான் இடைப்பட்ட வரிசை வரும். ஒவ்வொரு கல்லையும் வைத்து, கரணையின் பிடியால் ஒரு தட்டு. பிதுங்கி வரும் சாந்தை அதே வீச்சில் வழித்து அடுத்த கல்லின் பக்கவாட்டில் அப்புவார்கள். மணிக்கட்டை மட்டும் கவனியுங்கள். சித்தாள் எத்தனை நடை நடக்கிறார், சாந்துச் சட்டி எங்கே இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். சுவரை ஒரே நாளில் நாலைந்து அடிக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், கீழே இருக்கும் ஈரச் சாந்து பாரம் தாங்காது. பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இவ்வளவும் டிசைனுக்கு எதற்கு என்று கேட்டால், கணக்கோடு சொல்கிறேன். செங்கல் நீளம் 230 மி.மீ., சாந்து 10 மி.மீ. என்றால் ஒரு கல்லுக்கு 240. இரண்டு ஜன்னலுக்கு நடுவே நாலு கல் சுவர் வந்தால் அதன் அகலம் 950 மி.மீ. நீங்கள் ஷீட்டில் 1000 என்று அழகாக முழு எண்ணில் போட்டால், கொத்தனார் வரிசைக்கு வரிசை கல்லை உடைத்து ஒட்டுப்போட வேண்டும். பூச்சு மறைத்துவிடும் என்றால் யாருக்கும் தெரியாது. பூசாத செங்கல் சுவர் என்று நீங்களே எழுதியிருந்தால் அந்த ஒட்டு காலத்துக்கும் தெரியும். சூளைக்குச் சூளை அளவு மாறும் என்பதால், பத்துக் கல்லை வரிசையாக அடுக்கி மொத்தமாக அளந்து சராசரி எடுங்கள். அந்த எண்தான் உங்கள் ப்ராஜெக்டின் அடிப்படை அளவு.

இதையே இன்னும் ஒரு படி தள்ளிப் பார்க்க வேண்டும் என்றால், கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் படியுங்கள். கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, நடுவே வெற்றிடம் விட்டு அதே ஒன்பது அங்குலச் சுவரை எழுப்பும் முறை இது. கல்லில் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். காகிதத்தில் படித்தால் தலை சுற்றும். பத்திருபது கல்லைத் தரையில் சாந்தில்லாமல் அடுக்கிப் பார்த்தால் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

5. ப்ராஜெக்ட் கையில் வந்ததும்

ஓர் உதாரணத்தோடு போவோம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் குடும்பத்துக்கு வீடும் தறிக்கூடமும் என்று ஸ்டூடியோவில் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த உடனே ப்ளான் போடாதீர்கள். தறி இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய், நெசவாளர் குழித்தறியில் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் வெட்டுப்படமாக (நடுவே வெட்டிப் பார்த்தால் தெரிவது போல) வரையுங்கள், 1:20 அளவில், அதாவது நிஜத்தில் 20 செ.மீ. தாளில் 1 செ.மீ. அவர் உட்காருவது தரை மட்டத்தில். கால் குழிக்குள் மிதியில். கண் துணியின் மேல். பூ வேலைப்பாட்டுக்கான ஜக்கார்டு கருவி இருந்தால் தறிக்கு மேலே அது எவ்வளவு உயரம் போகிறது? கூரை உயரத்தை அதுதான் தீர்மானிக்கும். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலை என்றால் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அவருக்கும் இடம் விடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்தடி ஈரம் ஏறிக் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் தறி நின்றுவிடும். அப்படியென்றால் தறிக்கூடத்தின் தரையை எவ்வளவு உயர்த்துவது, உயர்த்தினால் வாசலில் எத்தனை படி? பாவு என்று ஒன்று இருக்கிறது, துணியில் நீளவாட்டில் ஓடும் நூல். அதை நீட்டிச் சரிபார்க்க வீட்டின் நீளம் போதாது, தெருவின் நீளம் வேண்டும். அதிகாலையில் தெருவில் பாவு நீட்டும் ஊரில், நீங்கள் போடும் வாசலும் மரமும் கார் நிறுத்துமிடமும் அதற்குக் குறுக்கே வராமல் பார்க்க வேண்டும்.

பாருங்கள், இன்னும் ‘கான்செப்ட்’ என்று எதையும் தேடவில்லை. ஆனால் கூரை உயரம், தரை மட்டம், தெருவோடு வீட்டுக்கு உள்ள உறவு மூன்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்தது வெளிச்சம். நூலின் நிறம் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும். பட்டின் மேல் நேர்வெயில் விழக்கூடாது. வடக்கு ஜன்னல் வைத்தால் வெயிலே வராது என்று குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்கள் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். காஞ்சிபுரமும் சென்னையும் ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிவெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். நண்பகலில் அது கிட்டத்தட்டத் தலைக்கு மேலே என்பதால் சின்ன சன்ஷேடே போதும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் நுழையும் வெயிலுக்குத்தான் செங்குத்துத் தடுப்பு வேண்டும். டிசம்பரிலோ நிலைமை வேறு: நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் வடக்கே ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளும், அதாவது தெற்கு ஜன்னலில் வெயில் உள்ளே வரும். மேற்குச் சுவருக்கு இரண்டடி சன்ஷேட் வரைந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நாலரை மணி வெயில் அதற்குக் கீழே புகுந்து நேராக உள்சுவரில் அடிக்கும். மேற்கில் படிக்கட்டு, கழிவறை, சாமான் அறை என்று போட்டு மறைப்பதே மேல்.

இதற்குப் பிறகு ப்ளான் போடுங்கள். பட்டர் பேப்பரை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேகமாகப் போட்டுத் தள்ளுங்கள், எதையும் கிழித்துப் போடாதீர்கள். தேதி போட்டு வைத்தால் ஜூரியில் (உங்கள் வேலையை நீங்களே விளக்கி மதிப்பெண் வாங்கும் நாளில்) கைகொடுக்கும்.

6. ஒரு இணைப்பையாவது பெரிய அளவில் வரையுங்கள்

ஜன்னலின் அடிக்கல்லை, அதாவது ஜன்னலுக்குக் கீழே சுவரின் மேல் பதிக்கும் கல்லை எடுத்துக்கொள்வோம். 1:100 ப்ளானில் அது இரண்டு கோடு. 1:5-ல் வரையும்போது கேள்விகள் முளைக்கும். மழைத்தண்ணீர் வெளியே வழிய எவ்வளவு சரிவு? சுவர் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும்? நீட்டிய பகுதியின் அடிப்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்தீர்களா? அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே தவழ்ந்து திரும்பிச் சுவருக்கு வரும். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜன்னலுக்குக் கீழே மீசை போலக் கறுப்புக் கறை இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் காடி இல்லாததுதான்.

மர இணைப்பு என்றால் வரைவதோடு விடாமல் ஒன்றைச் செய்தே பாருங்கள். தெரிந்த ஆசாரி பட்டறையில் ஒரு துண்டு வேம்பும் உளியும் கொட்டாப்புளியும் கேட்டு, ஒரு துளையும் அதில் செருகும் நாக்கும் வெட்டுங்கள். கோணலாகத்தான் வரும். பரவாயில்லை. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பிளக்கும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டால், நாக்கை ரேகைக்குக் குறுக்கே இனி வரைய மாட்டீர்கள்.

7. மாடல்

முதல் வருட மாடல்கள் அசிங்கமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் மழுங்கிய பிளேடு. முனையை அடிக்கடி உடைத்துப் புதிதாக்குங்கள். ஒரே அழுத்தில் வெட்ட நினைக்காமல் லேசாக மூன்று நாலு தடவை ஓட்டுங்கள். ஸ்டீல் ஸ்கேலை நமக்குத் தேவையான துண்டின் மேல் வையுங்கள். கை தவறினால் கழிவுத் துண்டுதான் போகும். ஸ்கேலைப் பிடிக்கும் விரல்கள் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

போர்டின் தடிமனையும் அளவையும் சேர்த்து யோசியுங்கள். 2 மி.மீ. மவுண்ட் போர்டு 1:100-ல் 200 மி.மீ., கிட்டத்தட்ட ஒன்பது அங்குலச் சுவர். அதே போர்டு 1:50-ல் 100 மி.மீ. ஆகிவிடும், அது அரைக்கல் சுவர். 1:50-ல் வெளிச்சுவருக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு பொருந்தும். மூலையில் இரண்டு சுவர் சந்திக்கும்போது ஒரு சுவரிலிருந்து போர்டின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள்.

ஃபெவிக்காலைப் பல்குத்தும் குச்சியால் கோடாக இழுத்து, ஒரு நிமிடம் விட்டு ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வேகமானதுதான், ஆனால் வெள்ளைப் போர்டில் வழிந்தால் கறை போகாது, ஃபோமைக் கரைத்தும்விடும். ஆரம்பத்தில் 1:200-ல் கரடுமுரடாக ஐந்தாறு செய்து பார்ப்பது, கடைசியில் பளபளவென்று ஒன்று செய்வதைவிடப் பயன். பொம்மைச் செடி, கார், பஞ்சு மரம் வேண்டவே வேண்டாம். ஒரு ஆள் உருவம் மட்டும் வைத்தால் போதும்.

8. ஷீட்டும் ஜூரியும்

வெட்டுப்படும் சுவர் தடித்த கோடு, பின்னால் தெரிவது மெல்லிய கோடு. இது ஒன்று சரியாக இருந்தாலே ஏ1 ஷீட் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் புரியும். ப்ரிண்ட் கடையில் கடைசி நாள் வரிசை நீளும், ஒரு நாள் முன்னதாகவே போங்கள். முந்தைய இரவு தூங்குங்கள். தூங்காமல் ஷீட்டில் சேர்க்கும் நாலு மரத்தைவிட, தெளிவாகப் பேசும் வாய்க்கு மதிப்பெண் அதிகம்.

பேசும்போது “இது திறந்தவெளியோடு உரையாடுகிறது” வகை வாக்கியங்களைத் தவிர்த்து, “இந்தச் சுவர் 950, ஏனென்றால் நாலு கல்” என்று தொடங்கிப் பாருங்கள். கேள்வி கேட்பவர் உங்கள் பக்கம் திரும்பி உட்காருவார். தெரியாத கேள்விக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

9. விடுமுறையில் போக வேண்டிய சில இடங்கள்

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி. தரைக்கல் செய்யும் பட்டறைகளில் நின்று பார்க்க விடுவார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கண்ணியிலும் கரண்டியால் நிறக் குழம்பு ஊற்றி, அச்சை ஆடாமல் மேலே தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு எடுத்தால் கண்ணாடி பட்ட முகம் பளபளக்கும். சூளையே கிடையாது. அப்படியே கானாடுகாத்தான் தெருக்களில் நடந்து, அனுமதி கிடைத்த வீட்டில் முகப்பு, வளவு (முற்றமுள்ள நடுப்பகுதி), இரண்டாம் கட்டு என்று வெளிச்சம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்க்காமல் வரக்கூடாது.

சென்னையில் மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையை அண்ணாந்து பாருங்கள். மரச் சட்டங்களுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் பதித்திருப்பார்கள்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930-களின் கடைசியில் வேலை தொடங்கியது. கான்கிரீட்டை அந்தக் காலத்தில் எவ்வளவு நேர்த்தியாக வார்த்திருக்கிறார்கள் என்பதற்காகவே பார்க்கலாம். அங்கே தளத்தில் நின்று வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமாதான் பின்னர் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் பெயர் பெற்றவர். ஆசிரமவாசிகள் தங்கும் இடம் என்பதால் முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. பக்கத்திலேயே ஆரோவில் மண் கட்டடக் கழகம். அழுத்திச் செய்யும் மண்கல்லுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள், மாணவர்கள் சேரலாம். அங்கே போகும் முன் உங்கள் ஊர் மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே களி என்று பட்டை பட்டையாகப் படியும்.

10. போர்ட்ஃபோலியோ

செய்த வேலைகளின் இந்தத் தொகுப்பை மூன்றாம் வருடத்திலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். பயிற்சிக்கு எடுக்கும் அலுவலகங்களுக்கு ரெண்டர் படங்கள் (கம்ப்யூட்டரில் நிஜம் போலச் செய்த படங்கள்) நிறைய வந்து குவிகின்றன. அளந்து வரைந்த அந்தத் திண்ணை, தறியின் வெட்டுப்படம், காடியோடு கூடிய ஜன்னல் அடிக்கல், கோணலாக வந்த மர இணைப்பின் புகைப்படம் ஆகியவற்றுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். மொத்தம் இருபது பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சொல்லிக்கொடுத்த கொத்தனார், ஆசாரி பெயரை அவர்களிடம் கேட்டுவிட்டு அந்தந்தப் படத்துக்குக் கீழே போடுங்கள். ஒரு பிரதியை எடுத்துப்போய் அவர்களிடம் காட்டவும் செய்யுங்கள்; வரைந்ததில் எங்கே தப்பு என்று அவர்கள் சொன்னால், அனுப்பும் முன்னே திருத்திக்கொள்ளலாம்.